ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 முடித்து மூன்று வாரம் ஆகிறது, அடுத்து எந்தக் கேமும் ஒட்டவில்லை – உதவி வேண்டும்

கேள்வி

எல்லோருக்கும் வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதையின் முடிவு வரைக்கும் இங்கே பேசப் போகிறேன். இன்னும் முடிக்காதவர்கள் இதோடு நிறுத்திவிடுங்கள், அந்த முடிவை ஒன்றும் தெரியாமல் போய்ப் பார்ப்பதுதான் நல்லது.

வேலை விட்டு வந்து சாப்பிட்டு, ராத்திரி ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் பதினொன்றரை வரை விளையாடுவேன். ஐந்து மாதமாக இந்த ஒரே கேம்தான், 110 மணி நேரம் ஆகியிருக்கிறது. கொள்ளைக் கும்பலில் இருக்கும் ஹீரோ ஆர்தருக்குக் காசநோய் என்று டாக்டர் சொன்ன பிறகு கதையை முன்னால் நகர்த்தவே மனம் வரவில்லை, மீன் பிடிப்பதும் மான் வேட்டையுமாக இரண்டு வாரம் இழுத்தடித்தேன். கடைசியில் குதிரை குண்டடிபட்டு விழுந்ததும், துரத்துகிறவர்கள் பின்னாலேயே வரும்போது, ஆர்தர் மண்டியிட்டு அதன் கழுத்தைத் தடவி நன்றி சொல்வான் இல்லையா, அங்கே கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டாம் அத்தியாயத்திலிருந்து என்னோடு வந்த குதிரை அது.

அதற்கப்புறம் தி விட்சர் 3 போட்டேன், மூன்று மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். வைகிங் காலத்தில் நடக்கும், இஷ்டப்பட்ட இடமெல்லாம் சுற்றலாம் என்கிற ஒரு ஓபன் வேர்ல்டு கேம் போட்டேன், மேப்பைத் திறந்ததும் புள்ளி புள்ளியாக நூறு வேலை தெரிந்தது, அன்றைக்கே டெலீட். ஒரு ஷூட்டர் கேம் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. இவை எல்லாம் நல்ல கேம்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், எனக்குத்தான் ஒட்டவில்லை.

லேப்டாப்: ஐ5, 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650. கன்சோல் கிடையாது. அடுத்து எதை எடுக்கலாம்? இல்லை, இதையே மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாமா?

பதில் 1

இதில் யோசிக்க என்ன இருக்கிறது ப்ரோ, முதல் பாகம்தான். 2010-ல் கன்சோலுக்கு மட்டும் வந்தது, 2024 அக்டோபரில் பிசிக்கும் வந்துவிட்டது. கதை 1911-ல் நடக்கிறது, ஆர்தர் கதைக்குப் பிறகு வரும் எபிலாக்கில் நீங்கள் வீடு கட்டிக் கொடுத்த அதே ஜான் மார்ஸ்டன்தான் ஹீரோ. இரண்டாம் பாகம் பிசியில் 150 ஜிபி கேட்கும், இது அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. உங்கள் லேப்டாப்புக்கு எந்தச் சிரமமும் இல்லை.

பதில் 2

முதல் பாகம் அருமையான கேம், ஆனால் இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. அது இரண்டாம் பாகத்துக்கு எட்டு வருடம் முன்னால் எடுத்தது, ஆர்தர் என்ற ஒருவனை அப்போது யாரும் எழுதியிருக்கவே இல்லை. அதனால் ஜான் வாயிலிருந்து ஒரு தடவைகூட அந்தப் பெயர் வராது. ஆர்தர் செத்து மூன்று வாரத்தில் அதைப் போய் விளையாடினால், தன் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியவனை ஜான் மறந்துவிட்டான் என்றுதான் உங்களுக்குத் தோன்றும். நான் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன், பாதியில் விட்டு ஒரு வருடம் கழித்துத் திரும்பிப் போய் முடித்தேன், அப்போது ரொம்பப் பிடித்தது. ஆறு மாதம் போகட்டும்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பதும் அதே மாதிரிதான். வெலன்டைன் பக்கம் டவுன்ஸ் வீட்டுக்குக் கடன் வசூலிக்கப் போகிற இடத்தில், அந்த மனிதர் ஆர்தர் முகத்தில் இருமும்போது, என்ன நடக்கிறது என்று இந்தத் தடவை உங்களுக்குத் தெரியும். கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள்.

பதில் 3

தம்பி, பெயர் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். அந்த 110 மணி நேரத்தில் எது உங்களைப் பிடித்து வைத்தது? "கதை" என்று ஒரு வார்த்தையில் முடிக்காதீர்கள். எந்த ராத்திரி லேப்டாப்பை மூட மனமில்லாமல் இருந்தீர்கள், அப்போது திரையில் ஆர்தர் என்ன செய்துகொண்டிருந்தான் என்று யோசித்துச் சொல்லுங்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் யார் எந்தப் பெயரைச் சொன்னாலும், குதிரை இருக்கிறது, பெரிய மேப் இருக்கிறது, அதனால் இதுவும் அதே மாதிரி இருக்கும் என்று நம்பி வாங்கி மறுபடியும் டெலீட் செய்வீர்கள்.

கேட்டவர்

அண்ணா, நீங்கள் கேட்ட பிறகு நேற்று முழுக்க யோசித்தேன். துப்பாக்கிச் சண்டை ஒன்றுகூட நினைவில் நிற்கவில்லை. முகாமில் காலையில் காபியை எடுத்துக்கொண்டு நடக்கும்போது ஆளாளுக்கு ஏதாவது சொல்வார்கள், ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள், அதெல்லாம்தான் நினைவில் இருக்கிறது. குதிரைக்கு பிரஷ் போடுவது. ஆர்தர் நோட்டுப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறான், எந்த மிருகத்தை வரைந்திருக்கிறான் என்று தினமும் திறந்து பார்ப்பேன். அப்புறம் கணவனை இழந்து காட்டில் தனியாக இருக்கும் ஷார்லட்டுக்கு வேட்டையாடக் கற்றுக்கொடுக்கும் பகுதி. அவளிடம் போய்வந்த ராத்திரிகளில்தான் மூட மனமே வரவில்லை.

பதில் 3

சரி, இப்போது பேசலாம். உங்களுக்குப் பிடித்தது கௌபாய் கதையும் இல்லை, ஓபன் வேர்ல்டும் இல்லை. ஒரு மனிதனின் அன்றாடத்தை அவசரம் இல்லாமல் கூட இருந்து வாழ்வது பிடித்திருக்கிறது. தோலை உரிப்பதற்கும், பீரோவைத் திறந்து ஒவ்வொரு பொருளாக எடுப்பதற்கும் அந்தக் கேம் எடுத்துக்கொள்கிற நேரத்தைப் பலர் குறையாகச் சொல்வார்கள், உங்களுக்கு அதுதான் ருசி. ஓபன் வேர்ல்டு என்ற பெயரில் வருவதில் பாதிக்கு மேல் இதற்கு நேர் எதிர், புள்ளிக்கு ஓடு, முடி, அடுத்த புள்ளிக்கு ஓடு என்று விரட்டும். அதனால்தான் மேப்பைத் திறந்ததுமே உங்களுக்குச் சலித்துப் போயிருக்கிறது.

இரண்டு படியாகப் போங்கள். முதலில் சின்னதாக ஒன்று, ஃபயர்வாட்ச். 2016-ல் வந்தது, நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். 1989-ல் அமெரிக்காவின் வயோமிங் காட்டில், தீ எங்கே பிடிக்கிறது என்று கோபுரத்திலிருந்து பார்த்துச் சொல்லும் வேலைக்கு ஹென்றி என்ற ஒருவன் வருகிறான். மனைவிக்கு நடு வயதிலேயே மறதி நோய், அந்த வலியிலிருந்து தப்பித்து ஓடி வந்தவன். துணைக்கு இருப்பது வாக்கி டாக்கியில் கேட்கும் டெலைலா என்ற பெண்ணின் குரல் மட்டும். துப்பாக்கி இல்லை, சண்டை இல்லை. திரை ஓரத்தில் மேப்கூட இருக்காது, கையில் காகித மேப்பும் திசைகாட்டியும் பிடித்துக்கொண்டு நீங்களேதான் வழி தேட வேண்டும். ஒரு பெரிய கேமிலிருந்து நேராக இன்னொரு பெரிய கேமுக்குத் தாவினால் ஒவ்வொரு நிமிடமும் ஒப்பிட்டுக்கொண்டே இருப்போம். நடுவில் ஒரு சின்னக் கதையை முடித்துவிட்டுப் போனால் அந்த ஒப்பீடு அடங்கிவிடும், எனக்குப் பல தடவை அடங்கியிருக்கிறது.

அதன் பிறகு கிங்டம் கம்: டெலிவரன்ஸ். முதல் பாகத்தைச் சொல்கிறேன், 2018-ல் வந்தது, செக் நாட்டு வார்ஹார்ஸ் ஸ்டூடியோஸ் எடுத்தது. 1403-ம் வருடத்து பொஹீமியா, இன்றைய செக் நாட்டுப் பகுதி. மந்திரம் இல்லை, டிராகன் இல்லை. இதிலும் ஹீரோ பெயர் ஹென்றிதான், கொல்லன் மகன். அவனுக்கு வாள் பிடிக்கத் தெரியாது, எழுதப் படிக்கவே தெரியாது. அழுக்காக இருந்தால் ஊர்க்காரர்கள் மதிக்க மாட்டார்கள், பையில் வைத்த சாப்பாடு கெட்டுப்போகும், தூங்காவிட்டால் கண் சொருகும். முதல் பத்து மணி நேரம் உங்களைப் பாடாய்ப் படுத்தும், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஆர்தரோடு காபி குடித்துக்கொண்டு நடந்த ஆளுக்கு இந்தக் கேம் பிடிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 8 ஜிபி ராமும் 1650-ம் இதற்குப் போதும், கிராஃபிக்ஸை மீடியத்தில் வையுங்கள், ஊருக்குள் நுழையும்போது கொஞ்சம் திணறும், வெளியே சரியாகிவிடும்.

பதில் 4

விட்சர் 3-ஐ மூன்று மணி நேரத்தில் விட்டது ரொம்ப வருத்தமாக இருக்கிறது. ஒயிட் ஆர்ச்சர்டு என்ற முதல் ஊர் கைப்பழக்கத்துக்காக வைத்த சின்ன மேப், கேம் உண்மையில் ஆரம்பிப்பது வெலன் என்ற பகுதிக்குப் போய் பிளடி பாரன் (Bloody Baron) என்ற பிரபுவைச் சந்தித்த பிறகுதான். அந்தப் பிரபு வீட்டுக் கதை ஒன்றுக்காகவே நான் மூன்று தடவை விளையாடியிருக்கிறேன். குடித்துவிட்டுக் குடும்பத்தைச் சிதைத்த மனிதன், அவனை வெறுப்பதா இரக்கப்படுவதா என்று முடிவுக்கு வரவே முடியாது.

உங்கள் லேப்டாப்பில் திணறியிருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. 2022 டிசம்பர் அப்டேட் கிராஃபிக்ஸைக் கூட்டிவிட்டது. கேம் வாங்கும் தளமான ஸ்டீமில் கேமின் பிராப்பர்ட்டீஸ் போய் பீட்டாஸ் பகுதியில் 1.32 கிளாசிக் வெர்ஷனைத் தேர்ந்தெடுங்கள், பழையபடி லேசாக ஓடும். இன்னொன்று, ஸ்கெலிகே தீவுகளுக்குப் போனதும் கடலில் மிதக்கும் கேள்விக்குறிகள் பக்கமே போகாதீர்கள். எல்லாம் ஒரே மாதிரி கடத்தல் பெட்டிகள், நிறையப் பேர் அங்கேதான் அலுத்துப்போய்க் கேமையே விட்டுவிடுகிறார்கள்.

இப்போது வேண்டாம், டெலீட் ஆகியே இருக்கட்டும், அடுத்த வருடமாவது எடுங்கள்.

பதில் 5

நடுவில் சின்னதாக ஒன்று என்று அண்ணன் சொன்னதில் என் பங்குக்கு வெண்பா. 2023-ல் வந்தது, கனடாவில் டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் எடுத்தது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் கறைபட்டும் இருக்கும், விட்டுப்போன வரியை நாமே யூகித்துச் சமைக்க வேண்டும். முதல் பலகாரம் இட்லி. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்க வேண்டும் என்பதே ஒரு புதிராக வரும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம், நம் வீட்டு அடுப்படியில் தினமும் நடப்பதை ஒரு கேமில் பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை. மகன் வளர வளரத் தமிழில் பேசுவதைக் குறைத்துக்கொள்வான், அதை எழுத்திலேயே காட்டியிருப்பார்கள். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதில் சிறந்த அறிமுகக் கேம் என்று பரிசு வாங்கியது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், ஒரு ராத்திரி போதும்.

அப்புறம், ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பெரிய கேம் எடுக்கும்போது அந்த இரண்டு மணி நேரத்தைக் கவனத்தில் வைத்துக்கொண்டு விளையாடுங்கள், ஒட்டாத கேமில் காசு முடங்க வேண்டாம்.

பதில் 6

கோஸ்ட் ஆஃப் சுஷிமாவை யாரும் சொல்லவில்லையே. 1274-ல் மங்கோலியர்கள் ஜப்பானின் சுஷிமா தீவுக்குள் நுழையும் காலம். போக வேண்டிய திசையைக் காற்று வீசிக் காட்டும், புல் சாய்கிற பக்கம் குதிரையைத் திருப்பினால் போதும். மேப் புள்ளிகளால் சலித்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். 2024 மே மாதம் பிசிக்கு வந்தது. ஆனால் ராமை 16 ஜிபி ஆக்கிவிட்டு எடுங்கள், 8 ஜிபியில் அந்தத் தீவை அரைகுறையாகப் பார்ப்பது பாவம்.

கேட்டவர்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லோருக்கும் நன்றி. ஃபயர்வாட்ச் இரண்டு ராத்திரியில் முடிந்தது. முடிவு நான் எதிர்பார்த்தது மாதிரி இல்லை, ஆனால் டெலைலாவின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. வெண்பாவை ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்கார வைத்து விளையாடினேன். எந்தப் பலகாரத்துக்கு எது முதலில் என்று என்னை ஒரு இடத்திலும் யூகிக்க விடாமல் அம்மாவே சொல்லிவிட்டார்.

இப்போது கிங்டம் கம்மில் 12 மணி நேரம். அண்ணன் சொன்னபடி பாடாய்ப் படுத்துகிறது, ஆனால் விட மனம் வரவில்லை. இரண்டு சிக்கல். ஒன்று, நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியவில்லை, நேற்று வழிப்பறிக்காரர்களிடம் செத்து ஒரு மணி நேர விளையாட்டு போய்விட்டது. இன்னொன்று, வாள் சண்டையில் மூன்று பேர் சேர்ந்து வந்தால் நிற்கவே முடியவில்லை.

பதில் 3

சேவியர் ஷ்னாப்ஸ் என்ற மதுவைக் குடித்தால்தான் நினைத்த இடத்தில் சேவ் ஆகும். அதைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். நெட்டில் (Nettle), பெல்லடோனா என்ற இரண்டு செடியையும் வழியில் பறித்துக்கொண்டு, ஒயினில் நீங்களே காய்ச்சலாம், கை பழகிவிட்டால் தட்டுப்பாடே வராது. உங்களுக்கென்று உள்ள படுக்கையிலோ விடுதியில் வாடகைக்கு எடுத்த படுக்கையிலோ தூங்கி எழுந்தாலும் சேவ் ஆகிவிடும். கேமை விட்டு வெளியேறும்போது சேவ் அண்ட் எக்ஸிட் கொடுத்தால் அதற்கு எதுவும் செலவில்லை, ராத்திரி பதினொன்றரைக்கு மூடுகிற உங்களுக்கு அது ஒன்றே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

சண்டைக்கு, ராட்டை என்ற ஊரில் பயிற்சி கொடுக்கும் பெர்னார்டிடம் போங்கள். கதை கட்டாயப்படுத்துகிற பாடத்தோடு நிறுத்தாமல் மறுபடியும் போய்ப் பேசி, மாஸ்டர் ஸ்ட்ரைக் கற்றுக்கொண்டு, மரவாளால் அவரோடு ஒரு மணி நேரம் மோதுங்கள். எதிரி வெட்ட வரும்போது சரியான நொடியில் தடுத்தால் திருப்பி அடி தானாக விழும். அப்போதும் மூன்று பேர் வந்தால் நிற்காதீர்கள், குதிரையேறி ஓடிவிடுங்கள். ஹென்றி அந்த நிலையில் ஓட வேண்டியவன்தான்.

கேட்டவர்

மூன்று ராத்திரி பெர்னார்டோடு மட்டும் மோதினேன், கதையைத் தொடவே இல்லை. நேற்று அதே வழியில் அதே மாதிரி மூன்று பேர், ஒருவனை வீழ்த்தியதும் மற்ற இரண்டு பேரும் ஓடிவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய சந்தோஷம், ஹென்றியை உஷிட்ஸ் ஊர் எழுத்தரிடம் கூட்டிப்போய்ப் படிக்க வைத்துவிட்டேன். அதுவரை எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் எழுத்துகள் இடம் மாறிக் குழம்பிக் கிடந்தன. இப்போது தினமும் ராத்திரி விடுதியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் படிக்க வைக்கிறேன், ஒவ்வொரு வார்த்தையாகச் சரியாகிக்கொண்டு வருகிறது. குதிரைக்கு பிரஷ் போட முடியாதது ஒன்றுதான் குறை.

ரெட் டெட் முதல் பாகத்தை ஸ்டீமில் விஷ்லிஸ்டில் போட்டு வைத்திருக்கிறேன், ஆறு மாதம் கழித்து எடுப்பேன். இந்த இழையைத் தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன்.