புதுப்பிப்பு: வெள்ளை வட்டம் போயே போச்சு

கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் (அகச்சிவப்பு) ஒளியையே பெரும்பாலும் உள்ளே விடும் 720 நானோமீட்டர் ஃபில்டர் போட்டு வேலூர் கோட்டையை எடுத்தால் படத்தின் நடுவே வெளுத்த வட்டம் விழுகிறது என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். ஃபில்டரைத் திட்டியது தப்பு, குறை லென்ஸில்தான். லென்ஸின் துளையை எஃப் 11-லிருந்து 5.6-க்கு அகலமாகத் திறந்ததும் வட்டம் கரைந்துவிட்டது.

நேற்று உச்சி வெயிலில் மறுபடி போனேன். (இந்த வேலைக்கு வெயில்தான் முதலீடு, வேலூரில் அதற்கா பஞ்சம்!) கேமராவுக்குள்ளேயே இன்ஃப்ராரெட்டைத் தடுக்கும் கண்ணாடி இருப்பதால் ஒவ்வொரு படத்துக்கும் 30 விநாடி ஒளி வாங்க வேண்டியிருந்தது. அகழித் தண்ணீர் மையாகக் கறுத்தது. பாசி படர்ந்த மூலை மட்டும் சுண்ணாம்பு வெள்ளை. காற்றில் ஆடிய கிளை புகையாக இழுத்திருக்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டேன்.

பிறகு பாலாறு. ஊரே திட்டும் சீமைக்கருவேலம் படத்தில் பனி பூத்த மாதிரி நிற்கிறது! பச்சை இலையின் உள்திசு இன்ஃப்ராரெட்டைத் திருப்பி அனுப்புவதால் வரும் வெளுப்பு அது. அதைத்தான் ஏ3-யில் பிரின்ட் போடக் கொடுத்தேன்.

கடைக்கார அண்ணன் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கலர் போயிருச்சே தம்பி, சரி பண்ணிடட்டா?"