பாலாற்றங்கரை நிலத்தில் குரோமியம்: மண், மண்புழு, கொக்கு இறகு. எதை, எப்படி அளப்பது?

கேள்வி: பாலாறு_முதுகலை

வணக்கம். வாணியம்பாடியிலிருந்து வாலாஜா வரை பாலாற்றங்கரை விவசாய நிலங்களில் குரோமியம் எவ்வளவு இருக்கிறது, மண்வளத்தையும் அங்குள்ள உயிர்களையும் அது என்ன செய்கிறது என்று முதுகலை ஆய்வுக்கு எடுத்திருக்கிறோம். இப்போதைய திட்டம் இது:

24 நிலங்கள். பாதி தோல் தொழிற்சாலைகளுக்குக் கிட்டே, மீதி ஆற்றை விட்டுத் தள்ளி மேட்டுச் செம்மண்ணில். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆகரால் (மண் துளைக்கும் கருவி) 15 செ.மீ. ஆழத்துக்கு எடுத்து, 105 டிகிரியில் உலர்த்தி அரைத்து, அமிலத்தில் செரிக்க வைத்து ஐசிபி-எம்எஸ்ஸில் (தனிமங்களை நிறை எண்ணால் பிரித்து அளக்கும் கருவி) மொத்தக் குரோமியம். பயிருக்குக் கிடைக்கும் அளவுக்கு டிடிபிஏ பிரித்தெடுப்புக் கரைசல். கரிமக் கார்பனுக்கு வாக்லி-பிளாக் முறை. உயிர்களுக்கு, அதே நிலத்து மண்புழுவும் கீழே விழுந்து கிடக்கும் உண்ணிக்கொக்கு இறகும்.

இதில் எது தேறும், எது தேறாது? மாதிரி எடுக்கப் போவதற்கு முன்பே சொல்லிவிட்டால் நல்லது.

பதில் 1: வண்டல்மண்

முதலில் ஆகரை மாற்றுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குறைந்தது பத்தரை விழுக்காடு குரோமியம். சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் 304 ரகத்தில் 18 விழுக்காடு. கல்லும் சரளையும் உள்ள மண்ணில் அது உரசிக்கொண்டே இறங்கும். மம்பட்டியால் 'வி' வடிவக் குழி வெட்டிக்கொள்ளலாம். ஆனால் மாதிரியாக எடுக்கும் மண், மம்பட்டி படாத உட்பக்கத்திலிருந்து பிளாஸ்டிக் கரண்டியாலோ மூங்கில் சிம்பாலோ சுரண்டியதாக இருக்க வேண்டும். அரைக்க எஃகு மில் வேண்டாம். மரச் சுத்தியால் தட்டி 2 மி.மீ. நைலான் சல்லடையில் சலித்து, நுண்ணியதாகத் தேவைப்பட்டால் அகேட் உரலில் அரைக்கலாம். பித்தளைச் சல்லடை செம்பையும் துத்தநாகத்தையும் ஏற்றிவிடும்.

அடுத்தது ஒப்பீட்டு நிலம். ஆற்று வண்டலை மேட்டுச் செம்மண்ணோடு ஒப்பிட்டால், தெரியும் வேறுபாடு மாசுடையதா மண் வகையுடையதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. குரோமியம் எல்லா மண்ணிலும் இயற்கையாகவே உண்டு. களிமண் கூடினால் அதுவும் கூடும். வண்டலுக்கு வண்டலே இணை. வாணியம்பாடிக்கு மேலே, ஆந்திர எல்லையில் புல்லூர்ப் பக்கம் பாலாறு தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்துக்குக் கிட்டே சில நிலங்களை எடுங்கள். செம்மண்ணையும் சேர்ப்பதானால் அதற்குத் தனி இணை தேடுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். ராணிப்பேட்டையையும் ஆம்பூரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். தோல் பதனிடப் பயன்படுவது குரோமியம்-3 உப்பு. பிஎச் ஐந்தரைக்கு மேல் போனால் அது பெரும்பாலும் கரையாத ஹைட்ராக்சைடாக மண்ணோடு ஒட்டிக்கொள்ளும்; நம் பக்கத்து மண்ணில் நகரவே நகராது என்று சொல்லிவிடலாம். ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக்குவியல் வேறு சங்கதி. ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கிடக்கும் அதில் நச்சு மிகுந்த வடிவமான குரோமியம்-6 நேரடியாகவே இருக்கிறது. அது எதிர்மின் அயனி. காரமண்ணில் பிடிமானம் இல்லாமல் நீரோடு இறங்கி நிலத்தடிக்குப் போகும். இரண்டு இடத்திலும் மொத்தக் குரோமியம் ஒரே எண்ணாக வரலாம். ஆனால் நச்சு ஒன்றல்ல. ஆகவே குரோமியம்-6ஐத் தனியே அளக்காத ஆய்வு, கேள்விக்குப் பதில் சொல்லாது.

அதை அளக்க மண்ணை உலர்த்தக் கூடாது. வயல் ஈரத்தோடு 4 டிகிரியில் வைத்து 30 நாளுக்குள் பிரித்தெடுக்க வேண்டும். முறை: 2.5 கிராம் மண், 50 மி.லி. காரக் கரைசல் (0.28 மோலார் சோடியம் கார்பனேட், 0.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு), சுமார் 400 மி.கி. மக்னீசியம் குளோரைடு, அரை மி.லி. பாஸ்பேட் தாங்கல் கரைசல். கலக்கிக்கொண்டே 90–95 டிகிரியில் ஒரு மணி நேரம். மக்னீசியம் எதற்கென்றால், சூட்டில் குரோமியம்-3 தானே 6 ஆக மாறாமல் தடுக்க. அதை விட்டுவிட்டால் இல்லாத நச்சு இருப்பதாக எண் வரும். வடித்து, நைட்ரிக் அமிலத்தை மெல்ல மெல்லச் சேர்த்து (நுரைத்துப் பொங்கும்) பிஎச்சை 7.5க்குக் கொண்டுவந்து, பிறகு டைபினைல்கார்பசைடு நிறம், 540 நானோமீட்டர்.

ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு மாதிரியில் தெரிந்த அளவு குரோமேட் (குரோமியம்-6 உப்பு) சேர்த்து, அதில் எத்தனை விழுக்காடு திரும்பக் கிடைக்கிறது (மீட்பு) என்று பாருங்கள். 75 முதல் 125 விழுக்காட்டுக்குள் வர வேண்டும். சேர்த்தது காணாமல் போனால் உடனே முறை தவறென்று முடிவுகட்டாதீர்கள். தொழு உரம் நிறைய உள்ள மண்ணும் நீர் தேங்கிய நெல் வயலும் குரோமியம்-6ஐத் தாமே ஒடுக்கி 3 ஆக்கும். அது அந்த மண்ணின் குணம், அதையும் பதிவு செய்யுங்கள்.

டிடிபிஏ இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், செம்பு ஆகியவற்றுக்காக வடிவமைத்த கரைசல். குரோமேட் அயனியை அது பிடிக்காது. அந்த நான்குக்கும் வைத்துக்கொள்ளுங்கள். குரோமியத்துக்குப் பாஸ்பேட் கரைசலால் பிரித்தெடுங்கள்.

பதில் 2: களர்நிலம்

மண்வளப் பகுதிக்கு வருகிறேன். இந்த நிலங்களில் விளைச்சல் விழுந்ததற்குக் குரோமியத்தை மட்டும் குற்றவாளியாக்கினால் பாதி உண்மை விட்டுப்போகும். பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்பு போட்டுத்தான் வருகிறது. ஊறவைக்கும்போது அந்த உப்பு பெரும்பாலும் கழிவுநீருக்குப் போகிறது. அங்கிருந்து கிணறு, கிணற்றிலிருந்து வயல். சோடியம் ஏறிய மண்ணில் களித்துகள் பிரிந்து, மேலே இறுகி, தண்ணீர் இறங்காமல் நிற்கும், வேர் மூச்சுவிடாது. ஆகவே மண்ணோடு அந்தந்த நிலத்துப் பாசனக் கிணற்று நீரையும் கட்டாயம் எடுங்கள்: இசி (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்), பிஎச், சோடியம், கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட், குளோரைடு. நீரின் இசி மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸுக்கு மேல் போனால், உப்பைத் தாங்கும் பயிர்கள் தவிர மற்றவற்றுக்குச் சிரமம். பாசன நீரில் குரோமியத்துக்கு உலக உணவு வேளாண் அமைப்பு சொல்லும் உச்சம் லிட்டருக்கு 0.1 மி.கி.; குடிநீருக்கு நம் தரம் 0.05.

விவசாயிகளிடம் இருக்கும் மண்வள அட்டையைக் கேட்டு வாங்குங்கள், பழைய பிஎச்சும் இசியும் கிடைக்கும். அதன் 12 அளவுகளில் குரோமியமும் சோடியமும் கிடையாது என்பதால், அட்டை பச்சையாக இருக்கிறதே என்று நம்பிவிட முடியாது.

வாக்லி-பிளாக்கில் ஒரு பொறி இருக்கிறது. அதில் ஊற்றும் டைகுரோமேட் கார்பனை மட்டுமல்ல, குளோரைடையும் ஆக்சிஜனேற்றும். உப்பு ஏறிய வயலில் கரிமக் கார்பன் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். கழிவுநீர் பாய்ந்த நிலம் வளமாகிவிட்டது என்று தலைகீழ் முடிவு எழுத இது ஒன்றே போதும்! குளோரைடை அளந்து, அதன் விழுக்காட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கார்பன் விழுக்காட்டிலிருந்து கழியுங்கள். இல்லையேல் கந்தக அமிலத்தில் வெள்ளி சல்பேட் கலந்து பயன்படுத்துங்கள். இன்னொன்று: அந்த டைகுரோமேட்டும் குரோமியம்-6தான். குரோமியம் அளக்கும் மேசையிலேயே இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், கண்ணாடிப் பாத்திரங்களைப் பிரித்து வையுங்கள். கழிவை ஒருபோதும் தொட்டியில் ஊற்றாதீர்கள். அது போய்ச் சேருவதும் இதே ஆற்றுக்குத்தான்.

மண் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க டீஹைட்ரோஜினேஸ் நொதிச் சோதனை செலவு குறைவு. டிடிசி (மண்ணுயிர்களின் நொதியால் சிவப்பாக மாறும் சாயம்) கரைசல் விட்டு 37 டிகிரியில் 24 மணி நேரம்; சிவப்பு பார்மசானை மெத்தனாலில் பிரித்து 485 நானோமீட்டரில் அளக்க வேண்டியதுதான். இதற்கும் ஈரமண்தான்.

பாலாறு_முதுகலை

மிக்க நன்றி சார். ஆகரையும் ஒப்பீட்டு நிலத்தையும் மாற்றிவிடுகிறோம். விவசாயிகள் கட்டாயம் கேட்பார்கள் என்பதால் ஒன்று: ஜிப்சம் போடச் சொல்லலாமா? எவ்வளவு?

பதில் 3: களர்நிலம்

மாற்றுச் சோடியம் (மண் துகள்கள் பிடித்துவைத்திருக்கும் நேர்மின் அயனிகளில் சோடியத்தின் பங்கு) 15 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் சொல்லலாம். கணக்கு: ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண் ஏறத்தாழ 900 டன். நூறு கிராம் மண்ணில் ஒரு மில்லி சமானம் சோடியத்தை வெளியேற்ற, சுத்த ஜிப்சம் சுமார் 775 கிலோ. மூட்டையில் 75 விழுக்காடுதான் சுத்தம் என்றால் ஒரு டன்னைத் தாண்டும். மண்ணில் கலந்துவிட்டு, பாத்தி கட்டி, நல்ல தண்ணீர் அல்லது மழைநீர் தேக்கி வடிக்க வேண்டும். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் போடுவது வீண். அதே உப்புக் கிணற்று நீரைத் திரும்பப் பாய்ச்சினாலும் வீண். அதன் பிறகு தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழலாம். அது களரை (சோடியம் ஏறிய மண்ணை) தாங்கும், அதன் மக்கு குரோமியம்-6ஐயும் ஒடுக்கும்.

பதில் 4: மடையான்

மண்புழு: 25க்கு 25 செ.மீ. சதுரம், 30 செ.மீ. ஆழம், கையால் பொறுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு போனால்தான் மேலே இருக்கும். கோடையில் தோண்டிவிட்டுப் புழுவே இல்லை, குரோமியம் கொன்றுவிட்டது என்று எழுதக் கூடாது. பிடித்த புழுவை ஈரமான வடிதாளில் 24 முதல் 48 மணி நேரம் வைத்துக் குடலைக் காலி செய்யவிடுங்கள். தாளை இடையில் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கழித்ததையே திரும்பத் தின்னும். குடலில் மண் இருந்தால் நீங்கள் அளப்பது புழுவை அல்ல, வயலை. மீதி மண் ஒட்டியிருக்கிறதா என்று அறிய டைட்டானியத்தையும் சேர்த்து அளங்கள். மண்ணில் ஏராளம், உயிரின் உடலில் மிகக் குறைவு. கீரை, இலை மாதிரிகளில் படிந்த தூசுக்கும் இதே சோதனை பொருந்தும்.

புழுக்களின் எண்ணிக்கையைவிடத் தெளிவான விடை வேண்டுமென்றால் விலகல் சோதனை செய்யுங்கள். ஒரு டப்பாவில் பாதி நல்ல மண், பாதி சந்தேக மண், நடுவில் பத்துப் புழு, 48 மணி நேரம். சந்தேக மண்ணில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே தங்கினால் அது வாழத் தகாத மண். இரண்டு பக்கமும் ஈரமும் இசியும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புழு உப்பைக் கண்டு ஓடியதைக் குரோமியத்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

இறகை விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. உதிர்ந்த இறகு எந்த வயலில் வளர்ந்தது என்று தெரியாது. கொக்கு நாள்தோறும் பறந்து திரியும். தோல் தொழிற்சாலைத் தூசு வெளியே படியும், குரோமியத்தில் அந்தப் பங்கு பெரிது. செய்தே ஆக வேண்டுமென்றால் கூட்டுக் குஞ்சின் இறகுதான் அந்த வட்டாரத்து இரையைக் காட்டும். அதற்கு 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முன் அனுமதி வேண்டும். வேலூர் வனக்கோட்ட அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். பிறகு அசிட்டோன், அயனி நீக்கிய நீர் என்று மாற்றி மாற்றி மூன்று முறை கழுவி 60 டிகிரியில் உலர்த்த வேண்டும். அதற்குப் பதில் அதே வயலின் நத்தைகளையும் தரையில் ஊரும் வண்டுகளையும் எடுங்கள். அவை வரப்பைத் தாண்டி அதிகம் போகாது.

பதில் 5: வண்டல்மண்

ஐசிபி-எம்எஸ் பற்றிச் சொல்ல மறந்தேன். நிறை எண் 52இல் குரோமியத்தை அளக்கும்போது, ஆர்கானும் கார்பனும் சேர்ந்த அயனியும், குளோரின், ஆக்சிஜன், ஹைட்ரஜன் சேர்ந்த அயனியும் அதே 52இல் வந்து உட்காரும். உப்பு மண், அதிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் செரித்தது என்றால் எண் பொய்யாக ஏறும். புழு மாதிரியில் கார்பன் அதே வேலையைச் செய்யும். ஆய்வகத்தில் ஹீலியம் செல் (இந்தக் கூட்டு அயனிகளை வடிகட்டும் அறை) போட்டு அளக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் நிறைக்குப் பதில் ஒளியை வைத்து அளக்கும் ஐசிபி-ஓஇஎஸ்ஸில் 267.716 நானோமீட்டர் கோடு போதும். மாதிரி கொடுக்கும்போதே 'குளோரைடு அதிகம்' என்று டப்பா மேல் எழுதிக் கொடுங்கள்.