மைக்ரேன்: தாய்வழி வருவதா, நாமே வரவழைப்பதா?

நிலாமுற்றம்:
பாட்டி இருட்டறையில் நெற்றியில் ஈரத்துணியோடு கிடந்தது நினைவிருக்கிறது. பிறகு அம்மா. 12 வயதில் நான். இப்போது 9 வயது மகள் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்கிறாள். பரம்பரை என்று நான் சொன்னால், "நீ சொல்லிச் சொல்லியே அவளுக்கும் வந்துவிட்டது" என்கிறார் கணவர். மரபணுச் சோதனை செய்துவிட்டால் இந்த வழக்கு தீருமா?

கறார்பேர்வழி:
நான் உங்கள் கணவர் பக்கம். நான்கு தலைமுறையாக வருவதெல்லாம் ரத்தத்தில் வருகிறது என்றால், தாய்மொழியும் ரத்தத்தில்தான் ஓட வேண்டும். ஒரே வீடு, ஒரே நேரம் கெட்ட உறக்கம், ஒரே நேரம் தவறிய சாப்பாடு. தலைவலி மட்டும் வேறாகவா இருக்கும்?

இழைநூல்:
தாய்மொழி உவமை அழகு. ஆனால் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். இரட்டையர் எல்லாரும் பெரும்பாலும் ஒரே வீட்டில்தான் வளர்கிறார்கள். இருந்தும் இருவருக்குமே மைக்ரேன் வருவது, இரு கரு இரட்டையரைவிட, மரபணுக்கள் ஏறக்குறைய முழுதும் ஒன்றான ஒரு கரு இரட்டையரிடம் அதிகம். வீடுதான் காரணம் என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? ஒருவருக்கு மைக்ரேன் இருப்பதும் இன்னொருவருக்கு இல்லாததுமான வேறுபாட்டில் மரபின் பங்கு 30 முதல் 60 விழுக்காடு வரை என்று இத்தகைய ஆய்வுகள் கணிக்கின்றன. (உங்கள் வலியில் பாதி அம்மா தந்தது என்று இதற்குப் பொருள் அல்ல. பலர் அப்படித்தான் வாசிக்கிறார்கள்.)

2022இல் வெளியான ஆய்வு 1,02,084 நோயாளிகளின் மரபணுக்களை அலசி, தொடர்புடைய 123 இடங்களைக் காட்டியது. அவற்றில் ஒன்று சிஜிஆர்பி என்ற புரதக்கூறை உருவாக்கும் மரபணுக்களை ஒட்டி இருக்கிறது. மைக்ரேனுக்காக அதே சிஜிஆர்பியைத் தடுக்கும் ஊசிகள் 2018 முதலே புழக்கத்தில் உள்ளன. மருந்தும் மரபணுவும் தனித்தனி வழியில் வந்து ஒரே வாசலில் நிற்கின்றன.

கறார்பேர்வழி:
123 இடங்களா! அப்படியானால் ஒவ்வொன்றும் ஒரு சிட்டிகைதானே? ஒரு கரு இரட்டையரிலேயே ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமலும் போகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இழைநூல்:
சிட்டிகைதான், மறுக்கவில்லை. மரபணு வலியைத் தருவதில்லை; தாங்கும் வரம்பைத் தாழ்த்துகிறது. ஒரு இரவு உறக்கம் கெட்டால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள், வரம்பு தாழ்ந்தவர் தலைவலியில் வாந்தி எடுப்பார். அதனால்தான் சகோதரி, சாதாரண மைக்ரேனுக்கு மரபணுச் சோதனை வீண் செலவு என்பேன். மகளுக்கு வருமா, வராதா என்று அது அறுதியிட்டுச் சொல்லாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. வலியோடு உடலின் ஒரு பக்கம் தற்காலிகமாகச் செயலிழக்கும் அரிய வகை. அதில் ஒற்றை மரபணுவே போதும். நரம்புச் செல்லுக்குள் கால்சியம் நுழையும் வாசலான கால்சியம் கால்வாய்க்கான மரபணுவை 1996இல் கண்டுபிடித்தார்கள்; 2003இலும் 2005இலும் மேலும் இரண்டு. பெற்றோரில் ஒருவரிடம் அந்த மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது செல்லும் வாய்ப்பு சரிபாதி. அங்கே சோதனைக்குப் பயன் உண்டு. மைக்ரேன் வலியை அடக்கத் தரும் ட்ரிப்டான் மாத்திரைகளைக்கூட அவர்களுக்குப் பொதுவாகத் தருவதில்லை.

கறார்பேர்வழி:
ஆக, சாதாரண வகைக்கு மிஞ்சுவது உறக்கமும் நேரத்துக்குச் சாப்பாடும். நானும் அதைத்தானே சொன்னேன்?

இழைநூல்:
நீங்கள் அதைக் குற்றச்சாட்டாகச் சொன்னீர்கள்.

நிலாமுற்றம்:
ஒரு பக்கம் செயலிழப்பது என்றதும் நெஞ்சு திக்கென்றது. என் தம்பிக்குத் தலைவலி வந்தபோது இடக்கை ஒரு மணி நேரம் தூக்க முடியாமல் போனது. கையை மடக்கிப் படுத்ததால் மரத்துவிட்டது என்று சிரித்தோம்.

கறார்பேர்வழி:
அம்மா, சண்டையை நிறுத்திவிட்டுச் சொல்கிறேன். அவரை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள். அது பக்கவாதமாகவும் இருக்கலாம். மறுபடி வந்தால் மைக்ரேன்தான் என்று வீட்டில் காத்திருக்காமல் உடனே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

நிலாமுற்றம்:
இப்போதுதான் தொலைபேசியில் கேட்டேன். ஒரு முறை அல்லவாம், மூன்று முறையாம். நாங்கள் சிரித்ததால் சொல்லவில்லையாம்.