மோடம் இணைப்பு உடனே கிடைக்கிறது, பெரிய கோப்பு இறங்கும்போது மட்டும் நின்றுவிடுகிறது

கேள்வி:
பழைய 486 கணினியில் லினக்ஸ் ஓடுகிறது. வெளியே வைக்கும் 33.6 கே மோடம், முதல் சீரியல் போர்ட்டில் இருக்கிறது. டயல் செய்ததும் 'கனெக்ட் 115200' என்று வந்துவிடும். சின்னப் பக்கங்கள் நன்றாகத் திறக்கின்றன. எஃப்டிபியில் பெரிய கோப்பை இறக்கினால் கொஞ்சம் ஓடி நிற்கிறது, அப்புறம் மெல்ல நகர்கிறது. டிஸ்க் விளக்கு எரியும்போதுதான் அதிகம் நிற்கிறது. பிபிபி (மோடம் வழியே இணையத்தோடு இணைக்கும் நெறிமுறை) அமைப்பில் சிஆர்டிஎஸ்சிடிஎஸ் (கணினி தயாராக இல்லாதபோது மோடத்தை நிறுத்திவைக்கும் வசதி) ஏற்கெனவே போட்டிருக்கிறேன். எப்போதாவது 'நோ கேரியர்' (எதிர் மோடத்தின் சமிக்ஞை இல்லை) என்று வந்து இணைப்பும் அறுகிறது. தொலைபேசி லைன்தான் மோசமா?

பதில் 1:
அறுந்துபோவதற்குக் கால் வெயிட்டிங் காரணமாக இருக்கலாம், அதை நிறுத்திப் பாருங்கள். மோடத்தின் எஸ்10 பதிவின் (மோடத்துக்குள் இருக்கும் ஒரு அமைப்பு, ரெஜிஸ்டர்) மதிப்பையும் கூட்டுங்கள். கேரியர் காணாமல் போனால் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. கணக்கு பத்தில் ஒரு விநாடியில்.

பதில் 2:
அறுவதும் நிற்பதும் வேறு வேறு கோளாறு. நிற்பதற்கு லைனைக் குறை சொல்லாதீர்கள். இரண்டு மோடங்களுக்கு நடுவே வி.42 என்ற பிழைதிருத்த முறை இருந்தால் இரைச்சலில் கெட்டதை அவையே திரும்ப வாங்கிக்கொள்ளும். மோடத்திலிருந்து கணினிக்கு வரும் அந்தச் சின்னக் கேபிளில்தான் அப்படி எந்தக் காவலும் இல்லை.

115200 என்பது அந்தக் கேபிளின் வேகம், லைனின் வேகம் அல்ல. மோடம் ஒரு தொகுப்பைச் சரிபார்த்து முடித்ததும் அதை மொத்தமாக அந்த வேகத்தில் தள்ளும். அப்போது எழுத்துக்கு எழுத்து சுமார் 87 மைக்ரோவிநாடிதான் இடைவெளி. சீரியல் போர்ட்டை இயக்கும் சிப் பழைய 16450 ஆக இருந்தால், அதில் ஒரே ஒரு எழுத்துக்குத்தான் இடம். டிஸ்க் வேலைக்காக கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) இன்டரப்ட்டை, அதாவது சாதனங்கள் 'என்னைக் கவனி' என்று கூப்பிடும் வழியை, மூடி வைத்திருக்கும் நேரத்தில் அடுத்த எழுத்து வந்தால், முந்தையது போயிற்று. சிஆர்டிஎஸ்சிடிஎஸ் கட்டாயம் வேண்டும், ஆனால் இங்கே அது காப்பாற்றாது. மோடத்தை நிறுத்தச் சொல்லும் ஆர்டிஎஸ் சமிக்ஞையை இறக்க வேண்டிய டிரைவருக்கே அந்த நேரத்தில் ஓட வாய்ப்பில்லையே!

ஒரு எழுத்து போனால் பிபிபியின் சரிபார்ப்பு தவறி, அந்த எழுத்து இருந்த சட்டம் (ஃப்ரேம், ஒரு தரவுத் தொகுப்பு) முழுவதும் சத்தமில்லாமல் வீசப்படும். விஜே தலைப்புச் சுருக்கம் (ஒவ்வொரு தொகுப்பின் தலைப்பிலும் முந்தையதிலிருந்து மாறியதை மட்டும் அனுப்பும் முறை) இருந்தால் பின்னால் வருகிறவையும் வீணாகும், சுருக்காத தலைப்போடு ஒன்று வரும்வரை. தரவு சரியாகச் சேர்வதைக் கவனிக்கும் டிசிபி இதை நெரிசல் என்று நினைத்து வேகத்தைக் குறைக்கும். நீங்கள் பார்க்கும் 'மெல்ல நகர்வது' இதுதான்.

ஊகம் வேண்டாம், கெர்னலே எண்ணி வைத்திருக்கிறது. ரூட்டாக நுழைந்து ப்ராக் அடைவில் டிடிஒய், டிரைவர், சீரியல் என்று உள்ளே போய்ப் பாருங்கள். உங்கள் போர்ட்டின் வரியில் 'ஓஇ' (ஓவர்ரன் எரர்) இருந்தால், அதன் பக்கத்தில் உள்ளது தொலைந்த எழுத்துகளின் கணக்கு. சிப் எது என்பதை செட்சீரியல் என்ற கட்டளை சொல்லும்.

கேட்டவர்:
16450 என்றுதான் காட்டுகிறது. கோப்பு இறங்க இறங்க ஓஇ ஏறிக்கொண்டே போகிறது. இனி என்ன செய்வது?

பதில் 2:
அப்படியானால் சந்தேகமே இல்லை. போர்ட் வேகத்தை 38400 ஆக்குங்கள், எழுத்துக்கு 260 மைக்ரோவிநாடி கிடைக்கும். மோடம் தரவைச் சுருக்கி அனுப்புவதால் வரும் லாபம் கொஞ்சம் போகும், போகட்டும். ஏற்கெனவே சுருக்கிய கோப்புகளுக்கு அதனால் பெரிய பயனும் இல்லை. டிஸ்க் அமைப்பை மாற்றும் எச்டிபார்ம் கட்டளையில் -யு1 கொடுத்தால் டிஸ்க் வேலை நடக்கும்போதும் இன்டரப்ட் திறந்திருக்கும். டிஸ்க்கை இயக்கும் சில பழைய ஐடிஇ சிப்களில் இது டிஸ்க்கில் உள்ளதையே கெடுத்துவிடும், பேக்கப் எடுக்காமல் தொடாதீர்கள்.

நிரந்தரத் தீர்வு 16550ஏ சிப் உள்ள சீரியல் கார்டு. அதில் 16 எழுத்துக்கு இடம் உண்டு. 'ஏ' இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், முதலில் வந்த 16550இல் அந்த இடையகம் ஒழுங்காக வேலை செய்யாது.

கேட்டவர்:
38400இல் ஓஇ ஏறவில்லை, கோப்பு நிற்காமல் இறங்கியது. கார்டு தேடுகிறேன். கால் வெயிட்டிங்கை நிறுத்திய பிறகும் 'நோ கேரியர்' ஒருமுறை வந்தது. எஸ்10ஐ இன்னும் தொடவில்லை, அதை மாற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.