துபாயிலிருந்து வந்த சென்ட்: புட்டி கெட்டுப்போயிற்றா, என் மூக்கு கெட்டுப்போயிற்றா?

மண்டபத்தான்:

அனைவருக்கும் வணக்கம். மண்டபம் என்னும் கடலோர ஊரில் ஓர் ஐஸ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். சித்திரையில் ஊருக்கு வந்திருந்த என் மைத்துனர், 50 மில்லி சென்ட் புட்டி ஒன்றைக் கையில் கொடுத்து, இது எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை, சிறு நிறுவனங்கள் குறைந்த அளவில் செய்யும் ‘நிஷ்’ வகை, புகையும் மரமும் ரம்மும் சேர்ந்த மணம் என்று சொன்னார். விலையைச் சொல்ல மறுத்துவிட்டார். என் மனைவி பிறகு எப்படியோ கேட்டுத் தெரிந்துகொண்டார். எங்கள் வீட்டின் இரண்டு மாத மளிகைச் செலவுக்குச் சமம்.

அடித்த முதல் பத்து நிமிடம், பினாயில் ஊற்றிக் கழுவிய மருத்துவமனை வராந்தாவில் யாரோ டயரைக் கொளுத்தியது போல இருக்கிறது. அதற்குப் பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் சாராய வாடை. முதல் நாள் மாலை நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தி, “இது எப்ப இருந்துப்பா?” என்று கேட்டார். குடிக்காதவன் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? ஒரு மணி நேரம் கழிந்ததும் எனக்கு எந்த மணமும் தெரிவதில்லை என்பதால் ஆலையில் வைத்து மறுபடியும் அடித்துக்கொள்கிறேன், ஆனால் பக்கத்து மேசைக்காரரோ மாலை 5 மணிக்கு, “கரிமூட்டத்துக்குப் போய்விட்டு வந்தீர்களா?” என்கிறார்.

ஆவணியில் தங்கை மகளுக்கு இராமநாதபுரத்தில் திருமணம். அன்றைக்கு இதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது மைத்துனரின் ஆசை. இது போலியா, வெயிலில் கெட்டதா, அல்லது உண்மையிலேயே இப்படித்தான் இருக்குமா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இத்தகைய மணத்தை நல்லது, கெட்டது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

உச்சிப்புளி வாசகி:

தம்பி, தூக்கி எறிந்துவிடாதீர்கள். பதில் சொல்வதற்கு முன் சில செய்திகள் தெரிய வேண்டும். எத்தனை முறை அழுத்துகிறீர்கள், உடம்பிலா துணியிலா? புட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள்? அட்டைப் பெட்டியின் அடியிலும் புட்டியின் அடியிலும் அச்சிட்டுள்ள எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா? முக்கியமாக, அந்தச் சட்டை அதற்கு முன் எங்கே இருந்தது?

மண்டபத்தான்:

கழுத்தில் இரண்டு, சட்டையில் இரண்டு, ஆலையில் மறுபடி இரண்டு. புட்டி, முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில், கிழக்கு ஜன்னல் திட்டில் இருக்கிறது. எண்கள் ஒன்றாகத்தான் உள்ளன. சட்டை பீரோவிலிருந்து எடுப்பது. அம்மா அதில் பாச்சை உருண்டை போட்டு வைப்பார். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா அக்கா?

உச்சிப்புளி வாசகி:

உண்டு என்றே நினைக்கிறேன். மற்றவர்களும் சொல்லட்டும். எண்கள் ஒத்திருப்பது நல்ல அறிகுறி, ஆனால் போலி செய்பவர்கள் எண்ணையும் சேர்த்தே அச்சிடுவார்கள் என்பதால் அது மட்டும் போதாது. புட்டியை இன்றே ஜன்னலை விட்டு எடுத்துவிடுங்கள்.

தொண்டிக் கரை:

நம் ஊர் வெயிலுக்கும் வேர்வைக்கும் இதெல்லாம் ஒத்துவராது. பாதி விலைக்காவது விற்றுவிட்டு மல்லிகை அத்தர் வாங்கிக்கொள்ளுங்கள்.

தேவிபட்டினம் ஆய்வகத்தான்:

விற்பதற்கு முன் கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. வேதியியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்; சற்று நீளும்.

சென்டில் வரும் புகை மணத்துக்காக விறகுப் புகையை யாரும் பிடித்து அடைப்பதில்லை. பிர்ச் என்னும் குளிர்நாட்டு மரத்தின் பட்டையைக் காற்றுப் புகாத கலத்தில் சூடாக்கும்போது வடியும் தாரும், கேட் எனப்படும் ஜூனிப்பர் வகை மரத்திலிருந்து அதே முறையில் எடுக்கும் எண்ணெயும் நெடுங்காலமாக இதற்குப் பயன்பட்டு வருகின்றன. நம் பக்கத்தில் சீமைக் கருவேல விறகை அடுக்கி, மேலே மண்ணைப் பூசி, காற்றைக் குறைத்துத் தீ மூட்டுகிறோம் அல்லவா, அந்தக் கரிமூட்டமும் இதே வேலைதான். நாம் கரியை வைத்துக்கொண்டு புகையைப் போக விடுகிறோம், அவர்கள் புகையோடு வடிவதைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆகவே உங்கள் பக்கத்து மேசைக்காரர் கேலி செய்யவில்லை, சரியாகவே முகர்ந்திருக்கிறார். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் வெப்பத்தில் உடையும்போது குவாயகால், கிரெசால் முதலிய ஃபீனால் வகைப் பொருள்கள் உண்டாகின்றன. குவாயகாலை முகர்ந்தால் விறகடுப்பு நினைவுக்கு வரும். கிரெசாலை முகர்ந்தால் மருத்துவமனை நினைவுக்கு வரும், ஏனென்றால் பழைய கிருமிநாசினிகளில் சேர்த்ததே அதுதான். (கச்சாத் தாரை அப்படியே சேர்க்கக் கூடாது, சுத்திகரித்ததையே சேர்க்கலாம் என்று நறுமணத் தொழிலின் பன்னாட்டு அமைப்பான இஃப்ரா விதித்திருக்கிறது.) எனவே தொடக்கத்தில் கொஞ்சம் மருந்து நெடி வருவது இந்த வகையின் இயல்பு, அதை மட்டும் வைத்துக் கெட்டுப்போனது என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் உங்களுக்கு அது வராந்தா அளவுக்குப் பெருகியிருக்கிறது என்றால், பாச்சை உருண்டையைத்தான் சந்தேகிக்கிறேன். நாஃப்தலீன் உருண்டை நிலக்கரித் தாரின் வழி வந்த பொருள். அந்த நெடி ஊறிய பருத்தித் துணியில் தார் மணமுள்ள சென்டை அடித்தால், மூக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஒரே நாற்றமாகவே எடுத்துக்கொள்ளும்.

மரமும் மதுவும் ஏன் புகையோடு சேர்கின்றன என்பதற்கு ஓக் மரப் பீப்பாயை நினைத்துக்கொள்ள வேண்டும். மதுவை ஊற்றி வைக்கும் பீப்பாயின் உட்புறத்தைத் தீயில் வாட்டுவார்கள் அல்லது கருக்குவார்கள். வெப்பத்தால் அந்த மரத்தில் பிறக்கும் வனிலின் என்னும் வனிலா மணப் பொருளும், ஓக்கிலேயே உள்ள லாக்டோன் என்னும் தேங்காய் மணப் பொருளும் மதுவில் இறங்கும். கோன்யாக் என்னும் பிரெஞ்சுத் திராட்சை பிராந்தியைத் தயாரிக்கும் ஹெனசி குடும்பத்தில் பிறந்த கிலியன் ஹெனசி தொடங்கிய நிறுவனம் 2020-இல் வெளியிட்ட சென்டுக்கு ‘ஏஞ்சல்ஸ் ஷேர்’ என்று பெயர்; பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் ஆவியாகிப் போகும் பங்கை மது வடிப்போர் அப்படித்தான் அழைப்பார்கள். அதில் புகையை விட இனிப்பே அதிகம். புகை, விஸ்கி, புகையிலை ஆகியவற்றை நேரடியாகக் காட்டுவதற்கு நயோமி குட்சர் என்னும் நிஷ் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ‘புவா தசேஸ்’ நல்ல எடுத்துக்காட்டு. இந்த வகை சென்ட் வரைய முயல்வது, வாட்டிய பீப்பாயின் உள்ளே தலையை நுழைத்தால் வரும் மணத்தை. நமக்குப் பீப்பாய் நினைவே கிடையாது. நாம் அறிந்த கள் பனையடியில் கலயத்தில் புளிப்பது. நாம் அறிந்த சாராயம் தலைகுனிய வைப்பது. அதனால் அங்கே ஒருவருக்குக் குளிர்கால மாலையாகத் தெரிகிற அதே மணம் இங்கே அம்மாவை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்க வைக்கிறது.

ஒரு மணி நேரத்தில் மணம் மறைவது உங்கள் மூக்கில் மட்டுமே நடக்கிறது. இடைவிடாமல் வரும் ஒரு மணத்தை மூக்கு விரைவில் கவனிப்பதை விட்டுவிடும். கருவாட்டுக் களத்தில் வேலை செய்பவருக்குக் கருவாடு நாறுவதில்லை என்பது போல. மேலும், இக்காலச் சென்ட்களில் மர மணத்துக்குச் சேர்க்கும் ஐசோ ஈ சூப்பர் போன்ற செயற்கைப் பொருள்கள் சிலருக்கு விட்டுவிட்டே தெரியும், சிலருக்குத் தெரியவே தெரியாது. உங்களுக்குத் தெரியவில்லை என்று மறுபடி அடிப்பது மற்றவர்களுக்கு இரட்டிப்பாகிறது. ஐஸ் ஆலையில் அமோனியா நெடி அவ்வப்போது மூக்கில் ஏறுமானால், அங்கே வைத்து எந்த மணத்தையும் மதிப்பிடாதீர்கள்.

சோதிக்கும் முறை இது. ஞாயிற்றுக்கிழமை காலை, தேநீருக்கு முன், மின்விசிறியை நிறுத்திவிட்டு, திருமண அழைப்பிதழின் அச்சடிக்காத பகுதியில் ஒரு பட்டை நறுக்கி அதில் ஒருமுறை அடியுங்கள். வெயிலில் காய்ந்த, பீரோவுக்குள் போகாத துண்டில் ஒன்று. எண்ணெய் தடவாத முன்கையில் ஒன்று. பத்து நிமிடம், ஒரு மணி, நான்கு மணி என்று மூன்று வேளை முகர்ந்து ஒரே ஒரு வரி எழுதி வையுங்கள். இடையில் முகரவே வேண்டாம். சென்ட் அடிக்காத பீரோச் சட்டையையும் பக்கத்தில் வைத்து, வீட்டில் வேறொருவரை முகரச் சொல்லுங்கள்.

கீழக்கரை அத்தர்ப் பிரியர்:

அஸ்ஸலாமு அலைக்கும் சகோதரரே. அம்மாவிடம் சொல்வதற்கு உங்களுக்கு ஒரு பதில் தருகிறேன். புட்டியில் கரைப்பானாக உள்ள எத்தனால், அடித்த சில நிமிடங்களில் பறந்துவிடும். அரை மணி நேரம் நிற்கிற மது வாடை அதனுடையது அல்ல. மரிக்கொழுந்து எண்ணெயும், திராட்சை மதுவின் அடிமண்டியை ஆவியில் வடித்து எடுக்கும் கோன்யாக் எண்ணெயும், வனிலா வகைப் பொருள்களும் சேர்ந்துதான் பெரும்பாலும் இந்த ரம் தோற்றத்தை உண்டாக்குகின்றன. ஆம், கதம்பத்தில் வைத்துக் கட்டும் அதே மரிக்கொழுந்துதான். தவனம் என்றும் சொல்வோம். வாசனைத் தொழிலில் அதன் எண்ணெயை உலர்ந்த பழமும் மதுவும் கலந்த மணத்துக்காகவே தேடி வாங்குகிறார்கள். எத்தனால் கலந்த சென்டைப் பூசலாமா என்று எங்கள் ஊரில் கேட்பவர்கள் உண்டு; அது மார்க்க அறிஞர்களிடம் கேட்க வேண்டியது என்பதால் அதற்குள் நான் போகவில்லை.

போட்டுக்கொள்ளும் முறையில்தான் தவறு இருக்கிறது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் அத்தரை விரல் நுனியில் ஒருமுறை தொட்டுக் காதுக்குப் பின் வைப்பார்கள், அவ்வளவுதான். எண்ணெயில் கரைந்த அத்தர் உடம்பை ஒட்டியே நிற்கும். எத்தனாலில் கரைந்தது காற்றில் விரியும். அதை ஆறு முறை அடித்தால், நம் புழுக்கத்தில் உடம்புச் சூடு ஏற ஏற எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். கழுத்தில் வேண்டாம். புறப்படுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு, பனியனுக்குள் நெஞ்சில் ஒரே ஒரு முறை அடித்து, உலர்ந்த பிறகு சட்டை போடுங்கள். முதலில் வரும் தார் நெடி வீட்டிலேயே கழிந்துவிடும். ஓர் அழுத்தத்துக்குச் சுமார் 0.1 மில்லி என்று கொண்டால் உங்கள் புட்டியில் ஏறத்தாழ 500 அழுத்தம் உண்டு. சிக்கனமாகப் போட்டால் மளிகைக் கணக்கும் கொஞ்சம் ஆறும்.

மண்டபத்தான்:

சொன்னபடியே ஞாயிறன்று செய்து பார்த்தேன். எழுதி வைத்ததை அப்படியே தருகிறேன்.

பத்து நிமிடத்தில், அழைப்பிதழ் அட்டையில் அணைத்த விறகின் புகை; மருந்து நெடி இருந்தது, ஆனால் மெல்லியதாக. துண்டிலும் அதே. முன்கையில் புகை குறைவாகவும் இனிப்பு அதிகமாகவும் இருந்தது. சென்ட் அடிக்காத பீரோச் சட்டையை மனைவியிடம் நீட்டியபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இத்தனை நாள் அந்த நெடி எனக்குத் தெரிந்ததே இல்லை. அதே சட்டையில் ஒருமுறை அடித்ததும் வராந்தா திரும்ப வந்துவிட்டது. டயரும் அதில் மட்டும்தான்.

ஒரு மணி நேரத்தில் முன்கையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மொட்டை மாடிக்குப் போய்க் கச்சான் காற்றில் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்து முகர்ந்தேன், மறுபடியும் தெரிந்தது. நான்கு மணி நேரம் கழித்து அட்டையில் எஞ்சியிருந்தது, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டுக் கதவைச் சாத்திய அறையும், தண்ணீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டியும் போன்ற ஒன்று. அந்த நிலையில் இது எனக்குப் பிடித்திருக்கிறது என்று தயக்கமில்லாமல் சொல்வேன்.

அம்மாவிடம் எதுவும் சொல்லாமல் துண்டைக் கொடுத்தேன். நீளமாக இழுத்து முகர்ந்துவிட்டு, “சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுற வாடை” என்றார். பதநீர் கொப்பரையில் பாகாகி, கீழே பனைமட்டை எரிந்து, அந்தப் புகையும் உள்ளே இறங்கும் மணம். சாராயம் என்று அவர் சொல்லவே இல்லை.

தேவிபட்டினம் ஆய்வகத்தான்:

அம்மா சொன்னதை விட நல்ல மதிப்பீட்டை நானும் எழுதியிருக்க மாட்டேன். ரம் என்பது கரும்புப் பாகின் கழிவிலிருந்து வடிப்பது. காய்ச்சிய சர்க்கரையின் மணம் அதற்கு அடிப்படை. பீப்பாய் நினைவு இல்லாத மூக்கு, தனக்குத் தெரிந்த கொப்பரையைக் கண்டுபிடித்துவிட்டது.

புட்டி கெட்டிருக்க வாய்ப்பில்லை. சில மாத ஜன்னல் வெயில் தொடக்க மணத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம், அதற்கு மேல் இல்லை. விலை மலிந்த போலிகள் பெரும்பாலும் முதல் நெடியோடு சரி, அதன்பின் வெறும் இனிப்பாகத் தட்டையாகிவிடும். உங்களுடையது மூன்று வேளையும் மூன்று முகம் காட்டியிருக்கிறது. நீங்கள் கேட்ட நல்லது கெட்டது என்பதை நான் பார்ப்பதும் இந்த மாற்றத்தில்தான்: புகை விலகிய இடத்தில் ஒரு பொருள் இருக்கிறதா, வெற்றிடம் இருக்கிறதா என்று. உங்களுக்குப் பிடிப்பது பிடிக்காதது வேறு கணக்கு. அதை இன்னும் இரண்டு வெவ்வேறு நாள்களில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மண்டபத்தான்:

மிக்க நன்றி ஐயா. கடைசியாக ஒன்று: திருமணத்துக்கு வெள்ளைச் சட்டையும் பட்டு வேட்டியும். அவற்றின் மேல் அடிக்கலாமா?

உச்சிப்புளி வாசகி:

கூடாது தம்பி. வனிலின் உள்ள சென்ட் நாளாக ஆகப் பழுப்பேறும்; வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை விழுந்தால் எளிதில் போகாது. கீழக்கரைக்காரர் சொன்னபடி நெஞ்சில் மட்டும் போதும். முகூர்த்தம் காலை என்றால், திருமண மண்டபத்தில் ஹோமப் புகையும் சேரும் என்பதை மறந்துவிடாதீர்கள். அன்று இதை விட்டுவிட்டு முதல் நாள் மாலை வரவேற்புக்குப் போட்டுக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. சட்டையை இரண்டு நாள் முன்பே எடுத்து நிழலில், காற்றில் தொங்க விடுங்கள்.

மண்டபத்தான்:

அப்படியே செய்கிறேன் அக்கா. மைத்துனரிடமும் வரவேற்புக்கு என்று சொல்லிவிட்டேன். புட்டியை அட்டைப் பெட்டிக்குள் வைத்து, வெயில் படாத மர அலமாரியின் அடித்தட்டில் வைத்தாயிற்று. பாச்சை உருண்டைகளை எடுக்க அம்மா சம்மதிக்கவில்லை. ஆகவே என் சட்டைகள்தான் பீரோவை விட்டு வெளியேறிக் கொடிக்குப் போயிருக்கின்றன.