ஏற்காட்டில் ஃபாரடே திறன் 124 சதவீதம் வந்தால்

அஸ்தம்பட்டி:
நிக்கல் மின்முனையில் தண்ணீரைப் பிளந்து ஃபாரடே திறன் (செலுத்திய மின்சாரத்துக்கு வரவேண்டிய வாயுவில் எத்தனை சதவீதம் வந்தது என்பது), மின்னழுத்தம் எல்லாம் அளந்தவங்க எழுதுங்க. எண்ணைக் கெடுத்தது எது, எதனால? சொந்தக் கதை வேண்டாம், அளவு வேணும்.

ஏற்காடு:
100 மில்லியாம்பியர், 1 மணி நேரம்: 360 கூலூம். வரவேண்டிய ஹைட்ரஜன் 1.87 மில்லிமோல். கடல்மட்டக் கணக்கில், ஈரமில்லாத வாயு என்று 25 டிகிரியில் 46 மில்லி என்று போட்டுவிடுவோம். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 84 கிலோபாஸ்கல்தான். தண்ணீருக்கு மேல் வாயுவைப் பிடித்தால் அதிலும் 3.2 நீராவியின் பங்கு. மிச்சம் 81. அதே ஹைட்ரஜன் 57 மில்லி இடத்தை அடைக்கும். 57-ஐ 46-ஆல் வகுத்தால் 124 சதவீதம்.

124 வந்தால் பரவாயில்லை, தப்பு என்று உடனே தெரியும். உண்மையில் 75 ஆக இருப்பது 93 என்று வந்தால் ஒருத்தரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

செல்போன் வானிலைச் செயலியை நம்பாதீங்க. அது பெரும்பாலும் கடல்மட்டத்துக்குத் திருத்திய அழுத்தம், மலைமேலும் 101 என்றே காட்டும். அறையிலேயே பாரோமீட்டர் வேணும். பியூரெட்டுக்கு (வாயுவைப் பிடிக்கும் அளவுக் குழாய்) உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் சமமான பிறகே அளவு எடுங்க.

அஸ்தம்பட்டி:
அப்போ மின்னழுத்த எண்களும் திருத்தணுமா அண்ணே?

ஏற்காடு:
மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்கும் ஹைட்ரஜன் மின்முனைக்கு 2, 3 மில்லிவோல்ட்தான் வித்தியாசம். விடுங்க. கரைசலில் திருத்தாத 1 ஓம் தடை இருந்தால் 100 மில்லியாம்பியரில் 100 மில்லிவோல்ட் போகும், அதைப் பாருங்க.

மேட்டூர்:
ஆக்சிஜன் பக்கம் ஏமாற்றுவது இரும்பு. வெறும் நிக்கல் நாளுக்கு நாள் 'முன்னேறினால்', அதாவது அதே மின்னோட்டத்துக்குக் குறைந்த மின்னழுத்தமே போதும் என்றால், கரைசலான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காரத்தில் கலந்திருக்கும் துளி இரும்பைச் சந்தேகப்படுங்க. ஆய்வாளர் காரிகன் 1987-லேயே காட்டியது இது. அந்தக் காரத்தைச் சுத்தம் செய்ய: 2 கிராம் நிக்கல் நைட்ரேட்டை 4 மில்லி தண்ணீரில் கரைத்து, 20 மில்லி 1 மோலார் காரம் ஊற்றினால் பச்சையாகப் படியும். மையவிலக்குக் கருவியில் சுழற்றிப் படிவைப் பிரித்து, மூன்று முறை கழுவி, அதன்மேல் சுத்தம் செய்யவேண்டிய 50 மில்லி காரம் விட்டுக் குறைந்தது 10 நிமிடம் ஆட்டி, 3 மணி நேரம் வைங்க. இரும்பைப் படிவு பிடித்துக்கொள்ளும், தெளிவை மட்டும் இறுத்துக்கோங்க. பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் குழாய்தான், காரம் கண்ணாடியை அரிக்கும், அதிலிருந்தும் இரும்பு வரும்.

போர் தண்ணீரில் கரைசல் போடவே கூடாது. சேலம் வெள்ளைக்கல், அதாவது மக்னீசியத் தாது, வெட்டுற ஊர். மக்னீசியம் இருந்தால் காரம் பட்டதும் கலங்கிப்போகும்.

ஹைட்ரஜன் பக்கம் சோதிக்கும்போது எதிர்முனைக்குப் பிளாட்டினம் கம்பி வேண்டாம். கரைந்துபோய் உங்கள் மின்முனையில் படிந்துவிடும். கொஞ்ச நாளில் நீங்கள் அளப்பது பிளாட்டினத்தைத்தான். கிராஃபைட் குச்சி போதும்.