"ஆச்சி வீடு" குழுவில் 27ஆம் தேதிச் சாப்பாடு

செவ்வாய், செப்டம்பர் 16

அருண்: எல்லோருக்கும் வணக்கம். அப்பா அம்மாவுக்கு 40ஆவது கல்யாண நாள். 27 சனிக்கிழமை இரவு 7:30க்கு ஈசிஆரில் 11 பேருக்கு இடம் பிடித்தாயிற்று. முன்பணமும் கட்டிவிட்டேன். யாரும் சாக்கு சொல்லக் கூடாது.

நெல்லையப்பன்: 👍

கோமதி: ரொம்ப சந்தோஷம் அருண். என்ன ஓட்டல்?

அருண்: [படம்: மெனு, 4 பக்கம்]

தங்கம்: முதல் பக்கத்திலேயே நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது

தங்கம்: ஏல அருணு, இது மீன் கடைல்லா

அருண்: கடல் உணவுதான் அத்தை. சைவமும் உண்டு. கடைசிப் பக்கம் பாருங்கள்.

கார்த்தி: எண்ணிவிட்டேன். 64ல் 6

கார்த்தி: அந்த 6ல் ஒன்று தயிர்

காவ்யா: பனீர் டிக்கா, காளான் சூப், வெஜ் மோளி, கிரில் காய்கறி, ஃப்ரைடு ரைஸ், தயிர். அத்தான், இதற்கா ஆளுக்கு 2,000?

கார்த்தி: ஆனால் மிளகு நண்டு அங்கே பிரமாதம்

கார்த்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கோமதி: பார்த்துவிட்டேன்

கோமதி: உனக்கு எப்படித் தெரியும்?

கார்த்தி: நண்பன் சொன்னான் அம்மா

நெல்லையப்பன்: 👍

சங்கர்: அன்புள்ள அருண், நல்ல எண்ணத்தில் செய்திருக்கிறாய், குறை சொல்லவில்லை. ஆனால் மெனுவில் பச்சைப் புள்ளி வைத்துவிட்டால் மட்டும் போதாது, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, சூப். மேலே மிதப்பது காளான். அடியில் இருப்பது கோழி எலும்பு வேகவைத்த தண்ணீராக இருக்கலாம். இரண்டு, எண்ணெய். மீன் பொரித்த சட்டியிலேயே உருளைக்கிழங்கையும் போடுகிற இடங்கள் உண்டு. மூன்று, நான் ரொட்டி மாவில் முட்டை சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்து வூஸ்டர்ஷயர் சாஸ், அதில் நெத்திலி. சீன ஓட்டல் என்றால் சிப்பி சாஸ். இனிப்புக்கு வந்தால், ஆடுகிற மாதிரி கொண்டுவந்து வைக்கும் புட்டிங்கில் ஜெலட்டின் இருக்கலாம், அது மாடு, பன்றியின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. ஆறாவது, இத்தாலியில் செய்கிற அசல் பார்மிஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டை விட்டுத்தான் திரிக்கிறார்கள். நம்ம அமுல் அப்படி இல்லை. அதற்காக அமுல் எல்லாவற்றிலும் நல்லது என்று சொல்ல வரவில்லை, வெண்ணெயில் உப்பு அதிகம்.

தங்கம்: போதும்ல சங்கரு. இப்பவே குமட்டுது

காவ்யா: நான்கும் ஐந்தும் எங்கே மாமா

கார்த்தி: மீன்-ஆட்சி அத்தைக்குத் தெரியாததையா அப்பா சொல்கிறார்

தங்கம்: உன் வாய்க்குப் பூட்டு போடணும்

பிரபு: அது என்ன மீன்-ஆட்சி? நான் இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருடம், யாரும் சொல்லவில்லை.

காவ்யா: அம்மா பாங்காக் டூர் போனாள் இல்லையா. பச்சைக் கறி என்று ஒன்று வந்திருக்கிறது. கத்திரிக்காய், தேங்காய்ப்பால், நம்ம சொதி மாதிரியே இருக்கவும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். வாசம் மட்டும் இடித்திருக்கிறது. பரிமாறியவனைக் கேட்டால் "மீன் துண்டு ஒன்றுகூட இல்லையே" என்று சத்தியம் செய்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. துண்டு கிடையாது, ஆனால் அரைக்கும்போதே மசாலாவில் இறால் விழுது, இறக்கும்போது மீன் சாறு.

கார்த்தி: அத்தையின் பெயர் மாறியது அன்றுதான்

தங்கம்: மீதி நாலு நாளும் இளநீரும் வாழைப்பழமும். சிரிக்காதீங்க

அருண்: அங்கே "வெஜிடேரியன்" என்று கேட்டால் குழப்பம்தான் அத்தை. "ஜே" என்று சொல்ல வேண்டும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்டிருக்கும் கடை. வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது.

தங்கம்: இப்ப சொல்லு

பிரபு: ஒரு சின்ன விஷயம்

பிரபு: 27 புரட்டாசி இரண்டாம் சனி. நான் கவிச்சி தொட மாட்டேன். மதுரையில் அம்மாவுக்குத் தெரிந்தால் தொலைத்துவிடுவார்.

கார்த்தி: அண்ணா, உங்களையும் மதினியையும் சேர்த்தால் மீன் சாப்பிட எத்தனை பேர்?

அருண்: பிரபுவை நம்பித்தான் அங்கே பிடித்தேன். நானும் அப்பா எதிரில் சாப்பிட மாட்டேன்.

காவ்யா: ஆக 11 பேரில் ஷெரின் அக்கா ஒருத்தி

கோமதி: கார்த்தியைச் சேர்க்கவில்லையே?

கார்த்தி: அம்மா

தங்கம்: அன்றைக்கு நவராத்திரி வேறு. கொலு வைத்த வீட்டிலிருந்து விளக்கேற்றிவிட்டு மீன் கடைக்கா வருவேன்? சுண்டல் வாங்க வருகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது

சிவகாமி: இத்தனை சிரமம் வேண்டாம். வீட்டில் சொதி வைத்துவிடுகிறேன். இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ். எல்லாரும் இங்கே வாருங்கள்.

அருண்: அம்மா, உன் கல்யாண நாளுக்கு நீயே சமைக்கவா நான் சிங்கப்பூரிலிருந்து வருகிறேன்

நெல்லையப்பன்: 👍

சிவகாமி: எதுக்கு இந்தக் கட்டைவிரல்

தங்கம்: மதினி சொல்வதுதான் சரி. அருண், ஷெரின் கல்யாணத்துக்குக் கொச்சியில் வைத்த வரவேற்பில் நான் தயிரும் பழமும் தின்றுவிட்டுப் படுத்தேன். அதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

சிவகாமி: இப்போது சொல்லிவிட்டாயே தங்கம்

கோமதி: காவ்யா, கொலுவுக்கு அந்த மரப்பாச்சி கிடைத்ததா?

காவ்யா: பரணில் தேடவேண்டும் அத்தை

ஷெரின்: அத்தை, ஸாரி. அன்று மேடையிலேயே நின்றுவிட்டேன், யார் சாப்பிட்டார்கள் என்று பார்க்கவே முடியவில்லை. சைவப் பந்திக்குப் பனீர் போதும் என்று பப்பா நினைத்துவிட்டார். எங்கள் வீட்டில் சைவம் தெரியாது என்று இல்லை. ஐம்பது நோன்பு சமயத்தில் மீன், கறி, முட்டை எதுவும் கிடையாது.

தங்கம்: ஐம்பது நாளா?

ஷெரின்: ஆமா அத்தை, ஈஸ்டர் வரைக்கும். அம்மச்சி பாலும் சேர்க்க மாட்டாள். ஓலன், சேனை எரிசேரி, பச்சை மாங்காயும் தேங்காய்ப்பாலும் விட்ட கறி, கூர்க்க மெழுக்குபுரட்டி. மீன் இல்லை என்றே தோன்றாது.

தங்கம்: கூர்க்க என்றால்?

ஷெரின்: சின்ன உருளை மாதிரி, தோல் கறுப்பாக, சாக்கில் போட்டுக் குலுக்கித் தோல் எடுப்போம்

தங்கம்: ஏட்டி, அது நம்ம சிறுகிழங்குல்லா! தை மாசம் நெல்லையிலிருந்து மூட்டையே வரும்

கார்த்தி: சமாதானம் கையெழுத்தாயிற்று

காவ்யா: நான் சொல்ல வந்ததே இதுதான். ஆடிட் கிளையண்ட்களோடு இந்த மாதிரி இடங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து பழகிவிட்டது. ஒரு தடவை கிரில் காய்கறி கேட்டேன். சுரைக்காய் மாதிரி ஏதோ இரண்டு வட்டம், ஒரு காளான், குடைமிளகாய் ஒரு கீற்று, தட்டோரம் பச்சையாக ஒரு கோடு. 1,100 ரூபாய். பக்கத்தில் அவர்கள் எலும்பைக் கடித்துக்கொண்டு "உனக்குப் போதுமா" என்று கேட்கிறார்கள். அதிலிருந்து, மீனை எடுத்துவிட்டுப் பனீரைப் போட்ட எதையும் தொடுவதில்லை. இந்த மெனுவில் வெஜ் மோளி அப்படித்தான். மோளி மீனுக்கென்று பிறந்த குழம்பு, மீன் போனால் மிஞ்சுவது மஞ்சள் பால். அந்த ஊர்ச் சமையலிலேயே பிறந்த சைவம் ஒன்று இருக்கும், அதைக் கேட்க வேண்டும். கிண்டி கிராண்ட் சோழாவில் பெஷாவரி இருக்கிறதே, ஆட்டுத்தொடைக்குப் பேர்போன இடம். அங்கே தால் புகாரா. கறுப்பு உளுந்து, தக்காளி, வெண்ணெய், கிரீம், வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. இரவெல்லாம் தணலில் கிடந்து வெந்தது. முள்கரண்டி வைக்க மாட்டார்கள், கழுத்தில் ஒரு துணியைக் கட்டிவிடுவார்கள், கையால் சாப்பிட வேண்டும். எதிரில் இருந்தவர் தன் கறியை விட்டுவிட்டு என் கிண்ணத்தில் ரொட்டியைத் தோய்த்தார்.

பிரபு: எதிரில் இருந்தது நான்

சங்கர்: அப்படியானால் லெபனான் சாப்பாடு போகலாமே. ஹம்முஸ் கொண்டைக்கடலை, ஃபலாஃபெலும் அதே கொண்டைக்கடலைதான், நம்ம வடை மாதிரி. கத்திரிக்காயைச் சுட்டு மசித்து

கோமதி: உங்களுக்குக் கொண்டைக்கடலை ஆகாது

சங்கர்: அது பச்சைக் கொண்டைக்கடலை

அருண்: காவ்யா, இப்போது என்னதான் செய்ய? முன்பணம் திரும்பி வராது.

காவ்யா: முன்னாடியே போன் போட வேண்டும். நாலு மணி வாக்கில், மதியச் சாப்பாடு ஓய்ந்து அடுப்படி காலியாக இருக்கும்போது. வரவேற்பில் பேசாமல் செஃப்பைக் கேளுங்கள். "சைவம் இருக்கிறதா" என்றால் பனீர்தான் வரும். "உங்கள் வீட்டில் மீன் வாங்காத நாளில் என்ன செய்வீர்கள்" என்று கேளுங்கள்.

ஷெரின்: மெனுவில் செஃப் கோட்டயம் என்று போட்டிருக்கிறது. ஓலனும், ஆப்பத்துக்குக் காய்கறி ஸ்டூவும் கண்டிப்பாகத் தெரியும். நான் பேசட்டுமா?

சிவகாமி: ஸ்டூ என்றால் தேங்காய்ப்பால், உருளை, கேரட், பீன்ஸ், இஞ்சிதானே

ஷெரின்: ஆமா அம்மா

சிவகாமி: பருப்பும் முருங்கைக்காயும் போட்டால் சொதி. அதைக் கடற்கரையில் போய் ஆயிரம் ரூபாய் கொடுத்துச் சாப்பிட வேண்டுமாக்கும்

தங்கம்: தனிச் சட்டி, தனிக் கரண்டி என்று சொல்லச் சொல்லு. நான் வருகிறேன் என்று சொல்லவில்லை, சும்மா கேட்டுவைக்கச் சொல்கிறேன்

அருண்: நாளையே பேசிவிடலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்றும் கேட்கிறேன். சனி இல்லை என்றால் பிரபுவும்

பிரபு: புரட்டாசி முழுக்கவே எங்கள் வீட்டில் கிடையாது. சனி என்று சொன்னது சுருக்கமாக.

கார்த்தி: 😂

சங்கர்: பில் விஷயம் ஒன்று. சர்வீஸ் சார்ஜ் என்று போட்டால் கொடுக்காதே. 2022 ஜூலையிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஓட்டல்கள் அதைத் தாங்களாகச் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. தில்லி உயர்நீதிமன்றமும் 2025 மார்ச்சில் சரி என்றது. ஜிஎஸ்டி வேறு, அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். சாதாரண ஓட்டலில் 5 சதவீதம், 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை உள்ள ஓட்டலுக்குள் என்றால் 18. எனவே முதலில் அங்கே அறை உண்டா என்று

கோமதி: சாப்பிட வாங்க, தோசை ஆறுகிறது

சிவகாமி: அப்போ 27ஆ, 28ஆ? வீட்டிலா, அங்கேயா? நான் தேங்காய் சொல்லிவைக்க வேண்டும்.

நெல்லையப்பன்: 👍

தங்கம்: ஷெரின், ஓலனுக்குத் தட்டப்பயறுதானே? முந்தின நாளே ஊறப்போடணுமா?